முதியோர், பிள்ளைகளோடு பினாங்கில் ஓய்வாக ஒரு வாரம்: எங்கே தங்குவது, எதை விடுவது?

செந்தூல்வாசி எழுதியது:

பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு எங்கே போகலாம் என்று இங்கே பலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் மாமனார், மாமியார், பிள்ளைகள் என்று எல்லோரும் சேர்ந்து ஒரு வாரம் மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் நகரத்தில் தங்கிவிட்டு வந்திருக்கிறோம். பட்டியல் போட்டுக்கொண்டு ஊர் சுற்றவில்லை. துறைமுகத்துக்கு நடந்துபோகிற தூரத்தில் அறை எடுத்து, சாப்பிட்டு, தூங்கி, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் ஓய்வாக அமைந்த பயணம் இது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

காரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனதுதான் முதல் காரணம். நம் குடும்பங்களில் விடுமுறை என்றால் ஆண்கள் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டியே களைத்துப்போகிறார்கள். போன ஊரிலும் காரை நிறுத்த இடம் தேடி அலைகிறார்கள். பெண்கள் மூட்டையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கிறார்கள். பெரியவர்கள் பின் இருக்கையில் கால் மடக்கி உட்கார்ந்து முட்டிவலியை வாங்கிக்கொள்கிறார்கள். இது யாருக்கு ஓய்வு?

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இடிஎஸ் என்கிற விரைவு மின்ரயில் ஏறினோம். தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த்துக்கு நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது. மாமனார் நினைத்தபோது எழுந்து நடந்தார், கழிவறைக்குப் போனார், தூங்கினார். தைப்பிங் தாண்டி புக்கிட் மேரா ஏரியின் நடுவே ரயில் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீர். பிள்ளைகள் கைப்பேசியை வைத்துவிட்டு ஜன்னலில் ஒட்டிக்கொண்டார்கள். ரயிலை விட்டு இறங்கி, பினாங்கு சென்ட்ரல் பஸ் நிலையம் வழியாக வெயிலில் காயாமலே படகுத்துறைக்கு நடந்துவிடலாம்.

பிறகு படகு. பாலத்தில் போனால் பினாங்கு ஒரு நகரமாக வந்து சேர்கிறது. படகில் போனால் தீவாக வருகிறது. முதலில் கொம்தார் கோபுரம் தெரியும், அதன் பின்னால் மேகம் மூடிய மலை, பிறகு கரையோரக் கட்டடங்களின் ஓட்டுக் கூரைகள். கால் மணி நேரம்கூட ஆகாது. கரையை நெருங்கும்போது தரை லேசாக அதிர்ந்தது. மாமியார் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் மகளின் சட்டைக் காலரையும் பிடித்துக்கொண்டார். வேலை முடிந்து வீடு திரும்பும் மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டியை முடுக்கினார்கள். என் மகன் இறங்க மறுத்து, இன்னொரு முறை போய்விட்டு வரலாம் என்றான். போய்விட்டு வந்தோம். அவசரம் என்ன?

இரண்டாவது காரணம், ஒரு நாளைக்கு ஒரு காரியம் என்று வைத்துக்கொண்டது. ஒரு நாள் கொடிமலை, அதாவது பினாங்கு ஹில். ஒரு நாள் தாவரவியல் பூங்கா. ஒரு நாள் ஒன்றுமே இல்லை. காலை ஏழு மணிக்கு வெளியே போய், பதினொன்றுக்குள் அறைக்குத் திரும்பிவிடுவோம். மதிய வெயிலில் வெளியே தலைகாட்டவில்லை. நான்கு மணிக்குத் தேநீர், அதன் பிறகு பாடாங் கோத்தா லாமா கடற்கரைச் சுவர். அங்கே காற்று நன்றாக வரும். எதிர்க்கரையில் பட்டர்வொர்த் முனையத்தின் கிரேன்கள் கொள்கலன்களைத் தூக்கி அடுக்கிக்கொண்டிருக்கும். மாமனார் அதையே ஒரு மணி நேரம் பார்ப்பார். பிள்ளைகள் திடலில் ஓடுவார்கள். நானும் கணவரும் பேசிக்கொண்டிருப்போம். வீட்டில் எங்களுக்கு அப்படிப் பேச நேரம் கிடைப்பதில்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

*

கடல்மணல் எழுதியது:

படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. ஒரு வாரம் முழுவதும் ஜார்ஜ்டவுனுக்குள் அடைந்துகிடப்பது பிள்ளைகளுக்கு நியாயமா? அங்கே குளிக்கக் கடல் இல்லை. இருப்பது சுவரும் பாறையும்தான். பிள்ளைகளுக்கு மணல் வேண்டும், அலை வேண்டும். பத்து பெரிங்கியில் தங்கியிருந்தால் காலையில் எழுந்ததும் கடலில் கால் நனைக்கலாம். நீச்சல்குளம் இருக்கும். தெலுக் பாஹாங் போனால் வண்ணத்துப்பூச்சிப் பண்ணை, அதைத் தாண்டினால் தேசியப் பூங்கா. பெரியவர்கள் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்காரலாம்.

நகரத்தில் தங்கினால் கோலாலம்பூரில் இருக்கிற சத்தமும் புகையும்தானே? அதற்கு எதற்கு ரயில் ஏற வேண்டும்? குடும்பத்தோடு ஓய்வு என்றால் கடற்கரை விடுதிதான். இல்லையென்றால் லங்காவி.

*

அக்கரைவாசி எழுதியது:

நான் பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவன், இன்றும் வேலைக்குப் படகில்தான் போய்வருகிறேன். படகைப் பற்றி அக்கா எழுதியதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன்.

இந்தப் படகுச் சேவைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. பழைய மஞ்சள் படகுகளில் கீழே கார்கள் நிற்கும், மேலே ஆட்கள் உட்காருவோம். 2020 முடிவோடு அவற்றில் கார் ஏற்றுவது நின்றுவிட்டது. இப்போது ஓடுவது 2023 ஆகஸ்டில் வந்த நான்கு புதிய படகுகள். இவற்றில் நடந்து வருகிறவர்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் மட்டுமே ஏறலாம். கார் ஏற்ற முடியாது. இது தெரியாமல் இன்றும் கோலாலம்பூரிலிருந்து காரில் நேராகப் படகுத்துறைக்கு வந்து நிற்கிற குடும்பங்களை நான் பார்க்கிறேன். காரில் வருகிறவர்களுக்குப் பாலம்தான் வழி. 1985இல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர்; 2014இல் திறந்த இரண்டாம் பாலம் 24 கிலோமீட்டர், அது தீவின் தென்பகுதிக்கு, பத்து மாவுங் பக்கம் கொண்டுபோய் விடும். ஜார்ஜ்டவுனுக்குப் போக முதல் பாலமே பக்கம்.

இறங்கும் படகுத்துறையிலேயே பஸ் நிலையம் இருக்கிறது. கடல்மணல் சொல்கிற பத்து பெரிங்கிக்கும் தெலுக் பாஹாங்குக்கும் 101ஆம் எண். கொடிமலைக்கு 204. ஜார்ஜ்டவுனில் தங்கிக்கொண்டே ஒரு காலையில் கடற்கரைக்குப் போய் வந்துவிடலாம். பத்து பெரிங்கியில் தங்கினால் மற்ற எல்லாவற்றுக்கும் அந்த வளைந்த மலைச்சாலையில் போய்த் திரும்ப வேண்டும். வார இறுதி மாலையில் அங்கே வண்டி நகரவே நகராது.

*

செந்தூல்வாசி எழுதியது:

கடல்மணல் சகோதரருக்கு: பிள்ளைகளுக்கு மணல் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. நாங்களும் 101இல் ஏறி ஒரு காலை பத்து பெரிங்கிக்குப் போனோம். ஆனால் அங்கேயே ஒரு வாரம் தங்கியிருந்தால் என் மாமனார் மூன்றாம் நாளே வீட்டுக்குப் போகலாம் என்றிருப்பார். விடுதிக்குள் அவருக்குப் பேச ஆள் கிடையாது. சாப்பாடு பிடிக்காது. வாசலைத் தாண்டினால் அவருக்கு வேலை ஒன்றும் இல்லை.

ஜார்ஜ்டவுனில் அவர் காலையில் தனியாகவே வெளியே போனார். இதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. கோலாலம்பூரில், எங்கள் செந்தூலில் அவரை நாங்கள் தனியாகச் சாலையைக் கடக்க விடுவதில்லை. இங்கே பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு கடையில் தமிழ் நாளிதழ் வாங்கி, பக்கத்திலேயே உட்கார்ந்து தேநீர் குடித்து, யாரோடாவது தோட்டத்துக் கதை பேசிவிட்டு வருவார். எல்லாம் ஓரிரண்டு தெருவுக்குள் அடங்கிவிடுகிறது. வயதானவர்களுக்கு ஓய்வு என்றால் நாற்காலியில் உட்கார வைப்பது என்று நாம் நினைக்கிறோம். பிறர் துணையில்லாமல் ஒரு தேநீர் வாங்கிக் குடிக்க முடிவது அவர்களுக்கு அதைவிடப் பெரிய நிம்மதி.

சாப்பாட்டைப் பற்றித் தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். நான் சமைக்கவில்லை, சமையலறை உள்ள வீடு வேண்டாம் என்று வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. அடுப்பு இருந்தால் யார் அடுப்படியில் நிற்பார்கள் என்று நமக்குத் தெரியாதா? மாமியாருக்குச் சர்க்கரை நோய். காலையில் தோசை அல்லது இட்லி, மதியம் வாழையிலைச் சாப்பாட்டில் சோற்றைக் குறைத்துக் காய்கறி, இரவில் சிறிய மின்குக்கரில் ஓட்ஸ் கஞ்சி என்று முடித்துக்கொண்டோம். சோற்றோடு பல குழம்புகள் தருகிற நாசி கண்டார் கடைகளில் எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றுவது அங்கே வழக்கம். பெரியவர்களுக்கு என்றால் குழம்பைக் குறைத்து ஊற்றச் சொல்லுங்கள், கேட்டால் செய்கிறார்கள். பர்மா சாலைப் பக்கம் சீனர்கள் சுடுகிற அப்பம் ஒன்று இருக்கிறது. சின்னச் சட்டியில் மாவு ஊற்றி, வாழைப்பழத் துண்டும் சோளமும் போட்டு மடித்துத் தருவார்கள். ஓரம் மொறுமொறு என்றும் நடு மெத்தென்றும் இருந்தது. நம் அப்பம் எத்தனை வீடு மாறிப் போயிருக்கிறது என்று மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்.

சௌரஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் உண்டு. மழை வந்தால் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். கீழே ஊறுகாய்ப் பழங்கள். சாதிக்காய் ஊறுகாயை அளவாக வாங்கினால் போதும்.

*

பழைய துறைமுகம் எழுதியது:

அம்மா, உங்கள் மாமனார் ஒரு மணி நேரம் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தந்தையார் போருக்கு முன்னால் நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் வந்து இறங்கியவர். 1926இல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரைக்கும் ஓடியது. நம்மவர்களில் பெரும்பாலோர் அதன் மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர்கள். வங்காள விரிகுடாவைத் தாண்டியதும் அவர்கள் கண்ட முதல் மலாயாத் துறைமுகம் பினாங்குதான். ஆனால் எல்லோரையும் உடனே கரையில் விட்டுவிடவில்லை. தீவுக்கும் அக்கரைக்கும் நடுவே ஜெரஜாக் என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. அம்மை, காலரா பயத்தில் அங்கே தனிமுகாமில் அடைத்து வைப்பார்கள். முதல் பாலத்தில் போகும்போது தெற்கே பார்த்தால் பச்சையாகத் தெரியும். வண்டியில் போகிறவர்கள் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் இந்த நாட்டில் கழித்த முதல் இரவுகள் அங்கேதான்.

பிறகு வந்த சிதம்பரம் கப்பலை நானே பார்த்திருக்கிறேன். ஊருக்குப் போன சித்தப்பாவை வழியனுப்ப வந்தோம். தகரப்பெட்டி, கம்பளி, மைலோ டப்பா, தலைவலித் தைலம் என்று கப்பல் நிறையச் சாமான்கள். 1985இல் அந்தக் கப்பல் தீப்பிடித்து, அதோடு கடல்வழியும் நின்றுபோனது. இன்று பினாங்கின் சுவெட்டன்ஹாம் துறையில் உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன.

துறைமுகத்தருகே தங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் 1833இலிருந்து இருக்கிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் எழுந்தது. சூலியா ஸ்திரீட்டில் நாகூர் தர்கா இருக்கிறது. மூன்றையும் மெதுவாக நடந்தே பார்த்துவிடலாம். கரையில் மூட்டை சுமந்தவர்கள், படகு தள்ளியவர்கள், கடை வைத்தவர்கள் கட்டியவை இவை. மாலைப் பூசை நேரத்தில் மாரியம்மன் கோயிலுக்குப் போய் உட்காருங்கள். படம் பிடிப்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

*

ஈப்போ ஆசிரியை எழுதியது:

ஐயாவின் பதிவைப் படித்துவிட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருடைய தாத்தாவும் ஜெரஜாக்கில் இருந்ததாகச் சொல்கிறார்.

எனக்கு ஒரு கேள்வி. அம்மா சக்கர நாற்காலியில்தான் வருவார். டிசம்பர் விடுமுறையில் போக நினைக்கிறோம். பழைய தெருக்களில் சக்கர நாற்காலியைத் தள்ள முடியுமா? பினாங்கின் தண்ணீர்மலை உச்சியில் இருக்கிற முருகனைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. படிகள் 513 என்கிறார்களே?

*

கடைத்தெருக்காரி எழுதியது:

ஆசிரியைக்குப் பதில் சொல்கிறேன், நான் இந்தத் தெருக்களிலேயே குடியிருப்பவள்.

கடைவீடுகளின் முன்னால் ஓடுகிற ஐந்தடி நடைபாதையை நம்பாதீர்கள். வெயிலுக்கும் மழைக்கும் நல்ல நிழல்தான், ஆனால் ஒவ்வொரு வீட்டுத் தரையும் ஒவ்வோர் உயரம். இரண்டு வீட்டுக்கு ஒரு படி ஏறும், அடுத்த வீட்டில் இறங்கும். நடுவில் மோட்டார் சைக்கிளும் பூந்தொட்டியும் கடைச் சாமானும். சாலையோரமாகத்தான் தள்ள வேண்டியிருக்கும். அதற்குக் காலை ஒன்பது மணிக்கு முன்னால் தெரு அமைதியாக இருக்கும். பழைய கடைவீட்டு விடுதிகளில் மரப்படிகள் செங்குத்தாக இருக்கும், மின்தூக்கி இருப்பது அபூர்வம். அறை எடுக்கும்போது தரைத்தளமா, குளியலறை வாசலில் படி உண்டா என்று இரண்டையும் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

தண்ணீர்மலை உச்சியில் 2012இல் கட்டிய பெரிய கோயிலுக்குப் படியேறித்தான் போக வேண்டும். ஆனால் அடிவாரத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. 1857இலிருந்து இருக்கிற கோயில். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து கிளம்பி வந்து சேர்கிற இடம் அதுதான். அம்மாவை அங்கே தரிசனம் செய்ய வையுங்கள். பக்கத்திலேயே தாவரவியல் பூங்கா. நுழைவுக் கட்டணம் இல்லை, பாதை சீராக இருக்கும். நாகலிங்க மரம் பூத்திருந்தால் அம்மா மகிழ்ச்சியாவார். குரங்குகள் உண்டு, கையில் பொட்டலம் எதுவும் வேண்டாம். செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். டிசம்பர் பின்பாதியில் பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

கடைசியாக, கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இந்த வட்டாரத்தில் முன்பு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. 2000 பிறந்ததோடு அது போயிற்று, வாடகை ஏறியது, பல குடும்பங்கள் அக்கரைக்கும் அடுக்குமாடிக்கும் போய்விட்டன. 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தபின் மிச்ச வீடுகளில் பலவும் தங்கும் விடுதிகளாகிவிட்டன. என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் முன்பு ஒரு குடும்பம் இருந்தது. இப்போது இரவு இரண்டு மணிக்குப் பெட்டி இழுக்கிற சத்தம் கேட்கிறது. குடும்பத்தோடு வருகிறவர்கள் முறையாக உரிமம் பெற்ற சிறிய ஓட்டல்களில் தங்குங்கள். இரவில் வாசலில் நின்று பேசாதீர்கள். சியூ படகுத்துறையில் கடல்மேல் இருக்கிற மரவீடுகளுக்குப் போகும்போதும் இதேதான்: அவை வீடுகள். திறந்த கதவுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள். நீங்கள் ஓய்வெடுக்க வருகிற தெருவில் நாங்களும் தூங்க வேண்டும்.

*

கடல்மணல் எழுதியது:

கடைத்தெருக்காரி அக்கா சொல்வது நெஞ்சில் தைக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், விடுதிக்கென்றே கட்டிய இடத்தில் தங்கினால் யாருக்கும் தொல்லை இல்லை. வேண்டுமானால் பாதி வாரம் நகரம், பாதி வாரம் கடற்கரை என்று பிரித்துக்கொள்ளலாமே?

இன்னொன்று. பினாங்கின் வடகரையில் ஜெல்லிமீன் உண்டு, சில வகை உயிருக்கே ஆபத்து. பிள்ளைகளை நீண்ட கை, நீண்ட கால் நீச்சலுடையில் இறக்குங்கள். ஒரு பாட்டில் வினிகர் பையில் இருக்கட்டும். கொட்டிய இடத்தைத் தேய்க்கவோ குடிநீர் ஊற்றிக் கழுவவோ கூடாது. வினிகர் ஊற்றிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

*

செந்தூல்வாசி எழுதியது:

ஜெல்லிமீன் பற்றி எழுதியதற்கு நன்றி. எல்லாப் பெற்றோரும் படிக்க வேண்டிய தகவல்.

பிரித்துக்கொள்வதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். இளம் தம்பதிகளுக்கு அது சரி. முதியோரும் பிள்ளைகளும் இருக்கிற குடும்பத்தில் இடம் மாறுகிற நாள் வேலை நாள். மருந்துப் பெட்டி, ஈரத்துணி, பிள்ளையின் தலையணை, எல்லாவற்றையும் எடுத்து மறுபடி வைக்க வேண்டும். பெரியவர்களுக்குப் புதுக் குளியலறை பழக ஒரு நாள் ஆகும். வழுக்கி விழுவதும் அந்த முதல் நாளில்தான். மாமியார் இரவில் விளக்குப் போடாமலே எழுந்து போகப் பழகியது வாரத்தின் நடுவில். அப்போது போய் வேறு இடம் என்றால்?

கடைத்தெருக்காரி அக்கா, நாங்கள் தங்கியது சிறிய ஓட்டல், தரைத்தளம். பிள்ளைகளை ஒன்பது மணிக்கு உள்ளே அழைத்துவிடுவோம். நீங்கள் எழுதியதைக் கணவரிடமும் காட்டினேன். அடுத்த முறை போகும்போது எந்தக் கடைகளில் வாங்கினால் அங்கே குடியிருப்பவர்களுக்கு உதவியாக இருக்கும் என்று ஒரு பதிவு போடுங்கள். பலருக்குப் பயன்படும்.

*

கடைத்தெருக்காரி எழுதியது:

கட்டாயம் எழுதுகிறேன். இப்போதைக்கு, மாலை கட்டுகிறவர்களிடமும் மசாலா அரைக்கிறவர்களிடமும் தொடங்குங்கள். பூ ஒரு முழம் வாங்கினாலும் போதும்.

*

ஈப்போ ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தரைத்தள அறை ஒன்றைப் பேசிவிட்டேன், குளியலறை வாசலில் படி இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். இடிஎஸ் ரயிலில்தான் வருகிறோம். அக்கரைவாசி தம்பி, சக்கர நாற்காலியோடு படகில் ஏறுவது எப்படி? கொடிமலை ரயிலிலும் அம்மாவை ஏற்ற முடியுமா?

*

அக்கரைவாசி எழுதியது:

ஏறலாம் அக்கா. காலை ஏழிலிருந்து எட்டரை வரைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம், அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். நுழைவாயிலில் ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மோட்டார் சைக்கிள்களுக்கு முன்னால் உங்களை ஏற்றிவிடச் சொல்லிக் கேளுங்கள். ஏறு பலகையின் சரிவு கடல் மட்டத்தைப் பொறுத்து மாறும். சரிவு அதிகமாக இருந்தால் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்குங்கள்.

கொடிமலைக்கு 2011இல் விட்ட ரயில் நடுவழியில் மாறாமல் நேராக உச்சிக்குப் போகிறது, அதனால் அம்மாவுக்குச் சிரமம் குறைவு. வார நாளில், காலையிலேயே போய்விடுங்கள். மேலே குளிரும், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். மலைமேலும் முருகன் கோயில் உண்டு, அதற்கு 513 படி ஏற வேண்டியதில்லை.

நீங்கள் வரும் வாரம் நான் காலை வேலைதான். பட்டர்வொர்த் பக்கம் உதவி வேண்டுமென்றால் இங்கேயே எழுதுங்கள், பார்த்துவிடுவேன்.